மெசின் வந்தால் யாருக்கு லாபம்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். வகுப்புக்குள் வரும் கேள்விகளைவிட வெளியே வரும் கேள்விகள்தான் சுவையானவை. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர், மூலைக்கடை முதலாளி, பழைய மாணவர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்துக்குத்தான் வருகிறார்கள்: மெசினும் கணினியும் போனும் வந்து எங்கள் பிழைப்புக்கு என்ன ஆகிறது? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பாடப்புத்தக ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம்.

உற்பத்தித்திறன் என்பது அந்த 5எஸ் போட்டிதானே?

எங்கள் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் உற்பத்தித்திறன் என்றாலே அலுமாரிக்கு லேபல் ஒட்டுவதும் செருப்பை வரிசையாக அடுக்குவதும்தான் ஞாபகம் வரும். ஜப்பானில் இருந்து வந்த, வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் அந்த 5எஸ் முறை நல்லதுதான். கோப்பைத் தேடும் நேரமாவது மிச்சம். நடுவர் வந்துபோன மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடுவது வேறு கதை.

பொருளியல் கேட்பது இதைத்தான்: ஓர் ஆள் ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு ஆக்குகிறார்? மொத்த உற்பத்தியை அதற்குச் செலவான மணித்தியாலங்களால் வகுத்தால் வருவது தொழிலாளர் உற்பத்தித்திறன். ஓர் ஏக்கர் வேளாண்மையை, அதாவது நெற்பயிரை, தாக்கத்தியால் வெட்டி, கட்டி, களத்துக்குச் சுமந்து, சூடடித்து, தூற்றி எடுக்க ஒரு கூட்டம் ஆட்களுக்கு நாட்கணக்கில் வேலை இருந்தது. வெட்டும் மெசின் அதே ஏக்கரை ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடித்து நெல்லை மூட்டையில் கொட்டுகிறது. நெல்லின் அளவு பெரிதாக மாறவில்லை, செலவான மணித்தியாலம்தான் சுருங்கியது.

அப்படியென்றால் கூடுதல் நேரம் வேலை செய்தாலும் உற்பத்தித்திறன் கூடும்தானே சேர்?

உற்பத்தி கூடும். உற்பத்தித்திறன் கூடாது, களைப்பில் குறையவும் கூடும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் புள்ளியைக் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு நாடு முன்னேறுவதில் தொழில்நுட்பத்தின் பங்கு எவ்வளவு?

1957இல் ராபர்ட் சோலோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணித்தியால உழைப்பின் பலன் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அந்த ஏற்றத்தில் எட்டில் ஒரு பங்குதான் கூடுதல் மெசினும் கட்டடமும் போட்டதால் வந்தது. மிச்சம் எட்டில் ஏழு பங்கையும் அவர் தொழில்நுட்ப மாற்றத்தின் கணக்கில் எழுதினார். 1987இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த எட்டில் ஏழுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் மெசின் ஒரு பகுதிதான். கல்வி, நிர்வாகம், நல்ல விதை, நல்ல பாதை எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் 1958இல் வெளியிட்ட எச்4 நெல்லினம் ஒரு தொழில்நுட்பம். அதற்கு எஞ்சின் கிடையாது, பற்றரி கிடையாது. ஆனாலும் அதே வயலில் அதே உழைப்புக்குக் கூட நெல் தந்தது.

எங்கள் மாவட்டத்தில் நான் காட்டும் உதாரணம் கிண்ணியாப் பாலம். 2009 ஒக்டோபரில் திறந்தார்கள், நீளம் 396 மீட்டர். அதற்கு முன்பு பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் அக்கரை போக வேண்டும். பாதை இந்தக் கரையில் நின்றால் அதிர்ஷ்டம், அக்கரையில் நின்றால் காத்திருப்பு. மீன் லொறி, ஆசிரியர், நோயாளி, சீமெந்து ஏற்றிய டிராக்டர் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். அந்தக் காத்திருப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறியதில்லை. பாலம் வந்தபின் லொறிக்காரர் ஒரு நாளைக்குக் கூடுதலாக ஒரு நடை போக முடிந்தது. அவர் கடினமாக உழைக்கத் தொடங்கியதால் வந்தது இல்லை அது. கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடிவதற்குள், 2021 நவம்பரில், மாற்றுக்கு ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். பாலம் தாமதமானால் என்ன ஆகும் என்று அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் கேட்பதில்லை.

வேளாண்மை வெட்டுக்கு மெசின் வந்து கூலிக்காரரின் வயிற்றில் அடித்ததே. அதையா முன்னேற்றம் என்கிறீர்கள்?

அடித்தது உண்மை. மழுப்ப வேண்டியதில்லை. கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் பெரும்போக வெட்டு என்றால் முன்பு ஊர்விட்டு ஊர் வெட்டுக்கூட்டம் போகும். அந்தக் கூலியை நம்பி அடகு வைத்த நகையை மீட்ட குடும்பங்கள் உண்டு. வெட்டியவர்கள், பின்னால் நின்று கட்டியவர்கள், களத்தில் தூற்றிய பெண்கள் எல்லாருக்கும் அந்த வேலை போய்விட்டது. காணியும் இல்லாமல் மெசினும் இல்லாமல் இருந்தவருக்கு இந்த மாற்றத்தில் ஒரு சதமும் வரவில்லை.

ஆனால் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். மெசின் வந்ததால் ஆட்கள் போனது போலவே, ஆட்கள் போனதாலும் மெசின் வந்தது. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் திரும்பி வந்து தாக்கத்தி பிடிக்கவில்லை. மேசன் வேலைக்குப் போன பொடியனுக்கு வெட்டுக்கூலி கட்டுப்படியாகவில்லை. கூலி ஏற ஏற மெசின் வாடகை மலிவாகத் தெரிந்தது. எது முதலில், எது பிறகு என்று பிரிப்பது கஷ்டம்.

இங்கிலாந்தில் 1811 முதல் சில வருடங்கள் இரவோடு இரவாகப் பின்னல் தறிகளை உடைத்த லுடைட்டுகளைப் பற்றிப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் மடையர்கள் இல்லை. தேர்ந்த கைத்தொழிலாளர்கள். மெசினை வைத்துக்கொண்டு கூலியை வெட்டிய முதலாளிமார் மேல்தான் அவர்களுக்குக் கோபம். 1812இல் தறி உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் வாழ்க்கை மேம்பட்டது உண்மைதான், ஆனால் தறி உடைத்தவருக்கு அது எந்த ஆறுதலும் தந்திருக்காது.

இவ்வளவும் புத்தகத்தில் இருப்பவை. வயலில் நான் பார்ப்பது இன்னொன்று: வெட்டு வேகமானதும் நெருக்கடி அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டது. கையால் வெட்டிய காலத்தில் நெல் கொஞ்சம் கொஞ்சமாக, வெயிலில் காய்ந்தபடி வீடு வந்தது. இப்போது ஒரு பிரதேசம் முழுவதும் ஓரிரு கிழமைக்குள் வெட்டி முடிகிறது, நெல் ஈரத்தோடு மூட்டைக்குள் விழுகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை 14% ஈரப்பதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. காயவைக்கக் களம் எங்கே? தார் ரோட்டின் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல்லும் மரக்கட்டையும் வைத்து, ஒரு பொடியனைக் குந்த வைத்திருப்பார்கள். பஸ்காரர் ஹோர்ன் அடித்தபடி மற்றப் பக்கத்தால் போவார். மேகம் கறுத்தால் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் சாக்கோடு ஓடி வருவார்கள்.

ரோட்டில்கூட இடம் கிடைக்காதவர், வயல் வரம்பிலேயே வந்து நிற்கும் லொறிக்கு ஈரநெல்லாகக் கொடுத்துவிடுகிறார், லொறிக்காரர் சொன்ன விலைக்கு. எல்லாரும் ஒரே கிழமையில் விற்றால் விலை எப்படி நிற்கும்? மெசின் மிச்சப்படுத்திக் கொடுத்த பலன் அந்த வரம்பில் வைத்தே கைமாறிவிடுகிறது. ஆகவே ஊருக்கு இன்னுமொரு வெட்டும் மெசின் வருவதைவிட ஒரு உலர்த்தியும் ஒரு களஞ்சியமும் வந்தால் விவசாயிக்குக் கூடக் காசு நிற்கும் என்பது என் கணிப்பு. ஆனால் உலர்த்தி திறப்பு விழாவுக்கு யாரும் மாலையோடு வருவதில்லை.

மீன்பிடியில் போன் என்ன மாற்றத்தைச் செய்தது?

இதற்குக் கேரளத்தில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கரையோரத்தில் கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. ராபர்ட் ஜென்சன் என்பவர் அந்தக் காலத்து மத்தி மீன் விலைகளைத் தொடர்ந்து சேகரித்தார். போன் வரும் முன்பு ஒரு கரையில் மீன் குவிந்து வாங்க ஆளில்லாமல் கடலிலேயே கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு கரையில் வியாபாரி வெறுங்கூடையோடு நிற்பார். போன் வந்தபின் படகில் இருந்தபடியே எந்தக் கரைக்கு விடலாம் என்று கேட்டுவிட்டுத் திருப்பினார்கள். கொட்டுவது ஏறத்தாழ நின்றுபோனது. மீனவரின் லாபம் சராசரியாக 8% கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4% இறங்கியது. 2007இல் வெளியான அந்த ஆய்வை நான் ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறேன். இரண்டு பக்கமும் லாபம் பார்ப்பது பொருளியலில் அபூர்வம்.

சரி, எங்கள் கரையில் ஏன் அப்படி நடக்கவில்லை? போன் இல்லாத வள்ளம் இன்று இல்லை. இலங்கையில் கைப்பேசிச் சேவை 1989இலேயே தொடங்கிவிட்டது, தெற்காசியாவில் முதலாவதாக. ஆனால் எஞ்சினையும் வலையையும் மீன் வாங்கும் முதலாளியின் முற்பணத்தில் வாங்கியவர் பிடித்த மீனை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கரையில் கிலோவுக்கு எவ்வளவு கூடப் போகிறது என்று போன் சொல்லும், கடன் அங்கே போகவிடாது. கேரளத்து மத்திக்காரருக்கு மீனை வேறு கரையில் இறக்கும் சுதந்திரம் இருந்தது. போன் வேலை செய்தது அந்தச் சுதந்திரத்தின் மேல்தான். முதலாளியையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. மீன் இல்லாத மாதத்தில் அரிசிக்குக் காசு கொடுப்பவரும் அவர்தான், வங்கி கொடுக்காது.

எரிபொருளையும் மறக்க வேண்டாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் தாவியது. மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளத்து எஞ்சின் அதேதான், ஓட்டியவரின் கையும் அதேதான், ஒரு மணித்தியாலத்துக்குப் பிடிபடும் மீனும் அதேதான். ஆனால் கடலுக்குப் போனால் நட்டம். உற்பத்தித்திறன் குறையாமலே வருமானம் குறையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ஜிபிஎஸ்ஸும் மீன் காட்டும் கருவியும் இருந்தால் மீன் கூடத்தானே பிடிபடும்?

இந்த வருடம் கூடும். ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோ என்று மட்டும் பார்த்தால் டைனமைட்டை வெல்லும் தொழில்நுட்பம் கிடையாது. பவளப்பாறையோடு சேர்த்து அடுத்த பத்து வருட மீனையும் அது பிடித்துவிடுகிறது. சுருக்குவலைக்காரருக்கும் சிறுவலைக்காரருக்கும் இடையில் இங்கே நடக்கும் சண்டையும் இதுதான். கடல் யாருக்கும் சொந்தமில்லை என்பதால், கருவி திறமாகத் திறமாகக் கடல் சீக்கிரம் வெறுமையாகிறது.

கருவி நல்லதுக்கும் உதவியது. இலங்கை மீனை ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தடை செய்தது. பலநாட் கலங்களில் செய்மதி மூலம் இடம் காட்டும் கருவி பூட்டிக் கண்காணிப்பு வந்தபின், 2016இல் தடை நீங்கியது. அந்தக் கருவி ஒரு மீன்கூட அதிகம் பிடித்துத் தரவில்லை. இழந்த சந்தையைத் திரும்ப வாங்கித் தந்தது.

கணினி வந்து இத்தனை வருடமாகியும் அலுவலக வரிசை ஏன் குறையவில்லை?

இந்தக் கேள்வி உலகப் புகழ் பெற்றது. அதே சோலோ 1987இல் ஒரு வரி எழுதினார்: கணினி யுகத்தை எங்கும் பார்க்க முடிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணவில்லை என்று. அதற்கு 1990இல் பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாளர் மின்சாரத்தின் கதையைச் சொல்லிப் பதில் தந்தார்.

எடிசனின் மின்நிலையம் நியூயோர்க்கில் தொடங்கியது 1882இல். தொழிற்சாலைகளில் அதன் பலன் முழுதாகத் தெரிந்தது 1920களில். நாற்பது வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டரைப் பூட்டினார்கள். கூரையோரம் ஓடும் நீண்ட தண்டு, அதில் இருந்து ஒவ்வொரு மெசினுக்கும் இறங்கும் பட்டி எல்லாம் பழையபடி. மெசினுக்கு ஒரு சின்ன மோட்டர் என்று மாற்றி, தொழிற்சாலையை ஒரே மாடியில் விரித்து, வேலை ஓடும் ஒழுங்கில் மெசின்களை வைத்த பிறகுதான் பலன் கொட்டியது. அதற்கு ஒரு தலைமுறை முகாமையாளர்கள் ஓய்வு பெற வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். ஊர் பேர் வேண்டாம். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். நிரப்பியதை அச்செடுக்க வேண்டும். அதில் கிராம சேவகரின் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு போட்டோகொப்பியோடு நேரில் கொடுக்க வேண்டும். வாங்கும் பிள்ளை அதைக் கணினியில் பதிந்துவிட்டு, பெரிய பதிவேட்டிலும் கோடு போட்டு எழுதுவார், கணினி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று. முன்பு இருந்த வேலை அப்படியே இருக்க, கணினி வேலை மேலதிகமாக வந்து சேர்ந்திருக்கிறது. இதில் லாபம் பார்த்தவர் எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவர்.

அப்படியென்றால் 2022இல் எரிபொருள் கியூஆர் மட்டும் எப்படி வேலை செய்தது?

நல்ல கேள்வி. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் இரவு படுத்து எழும்பியவர்களுக்குத் தெரியும், கியூஆர் அட்டை நடைமுறைக்கு வந்ததும் வரிசை எவ்வளவு வேகமாகக் கரைந்தது என்று. கறுப்புவெள்ளைச் சதுரத்தில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு வாகனத்துக்குக் கிழமைக்கு இவ்வளவுதான் என்று விதி மாறியது, அந்த விதியை எல்லா நிரப்பு நிலையத்திலும் ஒரே மாதிரி பிடிக்கப் போன் போதுமாக இருந்தது. நான்கு நிரப்பு நிலையத்தில் நான்கு தடவை நின்று பரலில் சேர்த்தவருக்குக் கதவு அடைபட்டது. தன் பங்கு நாளைக்கும் இருக்கும் என்று தெரிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பழைய விதியை வைத்துக்கொண்டு கியூஆர் மட்டும் கொடுத்திருந்தால், கையில் கியூஆரோடு அதே வரிசையில் நின்றிருப்போம்.

ஏடிஎம் வந்தபின் வங்கி வேலைகள் போனதா?

அமெரிக்காவில் 1980 முதல் 2010 வரை ஏடிஎம் பெருகிய காலத்தில் காசாளர் எண்ணிக்கை குறையவில்லை. ஒரு கிளைக்குத் தேவையான ஆள் குறைந்ததால் கிளை திறக்கும் செலவு குறைந்தது, வங்கிகள் கூடுதல் கிளை திறந்தன. பிறகு போனிலேயே வங்கி வந்ததும் குறையத் தொடங்கியது. ஒரு தொழில்நுட்பம் வேலையைக் கூட்டியது என்பதற்காக அடுத்ததும் கூட்டும் என்று நம்பி இருக்க முடியாது.

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு கொழும்பைப் பார்த்து ஏங்குவது ஏன்?

இந்தக் கேள்வியில் எப்போதும் கொஞ்சம் கோபம் இருக்கும், நியாயம்தான். பதில் 1956 ஏப்ரல் 26இல் தொடங்குகிறது. அன்று மால்கம் மெக்லீன் என்ற லொறிக் கம்பனிக்காரர் 58 இரும்புப் பெட்டிகளை (கொள்கலன்களை) ஒரு கப்பலில் ஏற்றி அமெரிக்காவின் நியூவர்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கையால் ஏற்றினால் தொன்னுக்கு 5.86 டொலர் ஆகும் என்றும், பெட்டியில் ஏற்ற 16 சதம் ஆனது என்றும் கணக்குச் சொல்கிறார்கள். அதுவரை துறைமுகத்தின் பெருமை ஆழமும் காற்றுக்கு மறைவும். பெட்டி வந்தபின் பாரந்தூக்கி, பெட்டி அடுக்கும் முற்றம், உள்நாட்டுக்கு ஓடும் ரோடு, குறித்த மணிக்குக் கப்பல் திரும்பும் உத்தரவாதம். கொழும்பு 1980களில் அதற்குச் செலவழித்தது, பிரதான கப்பல் பாதையும் நாட்டின் தென்முனையைத் தொட்டுத்தான் போகிறது. கடவுள் தந்த ஆழம் திருகோணமலையில் அப்படியே இருந்தது.

எங்கள் துறைமுகம் பெட்டிக்குள் அடங்காத சரக்குக்குப் பொருத்தம். கோதுமை, சீமெந்துக்குத் தேவையான கிளிங்கர் போன்றவை. சீனன்குடாவில் 1980இல் தொடங்கிய பிரிமா ஆலை, ஒரே இடத்தில் அமைந்த மா ஆலைகளில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. நாட்டில் பாண் வாங்கும் பலரும் ஏதோவொரு விதத்தில் அந்த ஆலையின் வாடிக்கையாளர். இப்படிப்பட்ட ஆலையில் தலைக்கு வரும் உற்பத்தி மலை போல இருக்கும், தலைகள் குறைவாக இருக்கும். ஊர்ப் பொடியன்கள் எல்லாருக்கும் வேலை தர வேண்டும் என்று அதை யாரும் கட்டவில்லை.

அதே சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் கட்டியவற்றில் 99 மிஞ்சியிருக்கின்றன, 1942 ஏப்ரலில் ஜப்பானியர் போட்ட குண்டுக்கும் தப்பியவை. பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டுக்குள் கிடந்தன. 2022 ஜனவரியில்தான் பங்கு பிரித்து ஒப்பந்தம் எழுதினார்கள்: இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. இரும்பு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் உள்ளே ஒன்றும் ஊற்றாவிட்டால் அதன் உற்பத்தித்திறன் பூச்சியம்.

கடைசியில் இந்த லாபம் எல்லாம் யாருக்குப் போகிறது?

போகக்கூடிய இடம் மூன்று. சாமான் மலிந்து வாங்குபவருக்குப் போகலாம், கூலி ஏறி உழைப்பவருக்குப் போகலாம், மெசின்காரருக்குப் போகலாம். தானாகவே சமமாகப் பிரியும் என்று ஒரு சட்டமும் இல்லை. ராபர்ட் ஆலன் என்ற வரலாற்றாளர் பிரித்தானியக் கைத்தொழில் புரட்சிக்குப் போட்ட கணக்கு இது: 1780 முதல் 1840 வரை ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46% கூடியது, உண்மைக் கூலி 12% மட்டும். அறுபது வருடம் என்பது ஒரு மனிதரின் முழு உழைப்புக் காலத்தைவிட அதிகம். அதற்குப் பிறகுதான் கூலி எட்டிப் பிடித்தது.

மாவட்டக் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. மெசின் தம்பலகாமத்தில் ஓடும், மெசின்காரர் வேறு மாவட்டத்தில் இருப்பார், லீசிங் வட்டி கொழும்புக்குப் போகும். ஓட்டோ இங்கே ஓடும், செயலியின் தரகு வேறெங்கோ சேரும். உற்பத்தித்திறன் கூடிய ஊரும் பணக்கார ஊரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

சலூனில் புதிதாக எந்தத் தொழில்நுட்பமும் வரவில்லை. பிறகு ஏன் முடிவெட்டும் விலை மட்டும் ஏறுகிறது?

1966இல் போமல், போவென் என்ற பொருளியலாளர்கள் எழுதிய விளக்கம் இதற்குச் சரியாகப் பொருந்தும். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை எந்தக் காலத்திலும் நான்கு பேர்தான் வாசிக்க வேண்டும், நேரத்தையும் சுருக்க முடியாது. முடிவெட்டுவதும் அப்படித்தான். கரண்ட் கத்தரி வந்தும் ஒரு தலைக்குப் போகும் நேரம் பெரிதாக மாறவில்லை. ஆனால் மற்றத் தொழில்களில் கூலி ஏறும்போது சலூன்காரருக்கும் ஏற்றாவிட்டால் அவர் கத்தரியை வைத்துவிட்டுக் கட்டார் போய்விடுவார். தாதியர், ஆசிரியர் சம்பளத்துக்கும் இதே நியாயம்தான். டியூசன் காசு ஏறியதற்கும் இதைத்தான் சொல்கிறேன், பெற்றோர் நம்புவதில்லை.

டொலர் ஏறினால் இதில் என்ன மாற்றம்?

நாங்கள் வாங்கும் மெசின் ஏறத்தாழ எல்லாம் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்க்குப் பக்கம், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆகவே ஆளை வைத்துச் செய்வது திரும்பவும் மலிவானது, பழைய மெசினை உதிரிப்பாகம் தேடித் தேடி ஓட்டினோம். தொழில்நுட்பம் முன்னோக்கித்தான் போகும் என்று நினைப்பவர்கள் அந்த வருடத்து கராஜ் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எங்கள் வேலையைத் தின்றுவிடுமா?

இதுவரை நன்றாக அளந்து பார்த்த ஆய்வுகளில் ஒன்று, வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,000க்கு மேற்பட்டோரைப் பற்றியது. 2023இல் வெளியானது. செயற்கை நுண்ணறிவு உதவி கொடுத்ததும் ஒரு மணித்தியாலத்தில் தீர்த்த முறைப்பாடுகள் சராசரியாக 14% கூடின. புதியவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் 34%. கைதேர்ந்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. காரணம், அந்தக் கருவி படித்ததே கைதேர்ந்தவர்களின் பழைய பதில்களில் இருந்துதான். அவர்களுடைய சரக்கைப் புதியவருக்கு விளம்பியது. அதற்காக அந்த மூத்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த ஆய்வைவிட அவளுடைய கேள்வி எனக்குப் பிடித்தது.

இங்கே பார்த்தால், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதி வைத்திருப்பவருக்கு லாபம். சீசன் காலத்தில் வெள்ளைக்காரருக்கு நல்ல ஆங்கிலத்தில் பதில் எழுத முன்பு ஓர் ஆளை வைக்க வேண்டும், இப்போது போனே எழுதுகிறது. கச்சேரியடியில் கடிதமும் விண்ணப்பமும் தட்டச்சு செய்து கொடுப்பவருக்குச் சிக்கல். மேசனுக்கும் வலை பொத்துபவருக்கும் இப்போதைக்கு ஒன்றுமில்லை. தமிழில் அது இன்னும் தடுமாறுகிறது, ஆகவே அது எழுதித் தந்த கடிதத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

மகனை எதைப் படிக்க விடலாம்?

கணினி என்று எழுதிய எந்தப் பலகையைக் கண்டாலும் காசு கட்ட வேண்டாம். ஒரு தொழிலை நன்றாகத் தெரிந்து, அதோடு கணினியும் தெரிந்தவருக்குத்தான் இங்கே கேள்வி இருக்கிறது. குளிர்சாதனம் திருத்தத் தெரிந்த பொடியன் கணக்கும் போனில் வைத்திருந்தால், விடுதிக்காரர்கள் அவனைத் தேடி வருவார்கள். சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு 2025இல் அடிக்கல் வைத்தார்கள். கட்டும்போது ஆட்கள் தேவை, கட்டி முடிந்தபின் கொஞ்சப் பேர் போதும். அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவனாக இருக்க மின்தொழில் படிக்க வேண்டும்.

பேக்கரிக்கு மா குழைக்கும் மெசின் வாங்கலாமா?

முதலில் ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதுங்கள். விடியப்புறம் எந்த இடத்தில் ஆட்கள் கைகட்டி நிற்கிறார்கள்? குழைத்த மாவுக்காகப் போறணை காத்திருந்தால் மெசின் வாங்கலாம். போறணை எப்போது காலியாகும் என்று குழைத்த மா காத்திருந்தால், மெசின் வந்தாலும் மேலதிகமாக ஒரு பாணும் வராது, மா சீக்கிரம் குழைந்து கிடக்கும், அவ்வளவுதான். அப்போது காசைப் போறணையில் போடுங்கள். இரண்டும் சரியாக ஓடிப் பாண் மிஞ்சினால், குறை விற்பனையில். பாண் கொண்டுபோகும் ஓட்டோவைப் பற்றி யோசியுங்கள்.

மெசின்தான் தேவை என்று தெரிந்தால் அடுத்த கணக்கு. மாதத் தவணை, கரண்ட் பில், திருத்தச் செலவு மூன்றையும் கூட்டுங்கள். கூடுதலாக விற்கும் பாணில் மா, சீனி, விறகுக் காசு போக மிஞ்சுவது அதைவிடக் கூட இருக்க வேண்டும். மிச்சமாகும் ஆளின் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதாக இருந்தால், அந்த ஆளை உண்மையிலேயே நிற்பாட்டுவீர்களா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் நிற்பாட்டுவதில்லை, கணக்கில் மட்டும் நிற்பாட்டிவிடுகிறார்கள். கரண்ட் போனால் கையால் குழைக்கத் தெரிந்தவர் கடையில் ஒருவராவது இருக்கட்டும். லீசிங் தாளில் கையெழுத்து வைக்கும் முன் தவணை தவறினால் என்ன வட்டி என்று எழுதியிருக்கும் பக்கத்தையும் வாசியுங்கள். அது பெரும்பாலும் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும்.